பூக்கும்வரை பெயர் தெரியாத இலை

1893ஆம் ஆண்டு வசந்தத்தில் அயர்லாந்தின் நாலா பக்கங்களிலிருந்தும் டப்ளினுக்குச் செடிகள் வந்துகொண்டிருந்தன. எல்லாம் வேரோடு தோண்டி எடுத்து அனுப்பிய சின்னஞ்சிறு செடிகள். கேட்டு வாங்கியவர் நத்தானியேல் கோல்கன். காவல் நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். மிச்ச நேரத்தைச் செடிகொடிகளுக்குக் கொடுத்தவர். பிற்பாடு 1904இல் டப்ளின் கவுண்டியின் தாவரங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் மக்களிடம் கேட்டது ஒன்றுதான்: மார்ச் 17 அன்று, புனித பேட்ரிக் திருநாளில், உங்கள் ஊரார் தொப்பியிலும் சட்டையிலும் செருகிக்கொள்ளும் ஷாம்ராக் எது? அசல் ஷாம்ராக்கில் ஒரு செடி அனுப்புங்கள்.

அனுப்பியவர்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சூடிய செடி ஆயிற்றே. கோல்கனுக்குத்தான் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. மார்ச் மாதத்தில் அந்தச் செடிகள் எல்லாமே ஒன்றுபோல் இருக்கும்: ஒரு காம்பு, அதன் நுனியில் மூன்று சிற்றிலை. பூ வந்தால்தான் இனம் தெரியும். வந்தவற்றை நட்டார், பெயர்ச்சீட்டு வைத்தார், கோடைவரை காத்திருந்தார்.

பூத்தபோது ஒரு நாட்டின் சின்னம் நாலு செடிகளாகப் பிரிந்தது. 20 கவுண்டிகளிலிருந்து வந்த 35 செடிகளில் பாதிக்குச் சற்று மேல் சிறு மஞ்சள் பூ பூக்கும் டிரைஃபோலியம் டூபியம் என்ற க்ளோவர். மூன்றில் ஒரு பங்கு வெள்ளைக் க்ளோவர். மிச்சத்தில் சிவப்புக் க்ளோவரும், க்ளோவரே அல்லாத மெடிகாகோ என்ற பயறுவகைச் செடியும் இருந்தன. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1988இல், தாவரவியலாளர் சார்லஸ் நெல்சன் அதே கேள்வியை மறுபடி மக்களிடம் வைத்தார். விடை பெரிதாக மாறவில்லை. மஞ்சள் க்ளோவர் 46 சதவீதம், வெள்ளை 35, மெடிகாகோ 7, சிவப்பு 4. இந்த முறை புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: புளிப்புச் சாறுள்ள காட்டுச் செடியான ஆக்சாலிஸ் அசெட்டோசெல்லா, 5 சதவீதம்.

அப்படியானால் யார் சூடியது அசல்? இந்தக் கேள்வி தாவரவியலில் தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை. ஒரு புனிதச் சின்னம் உண்மையாக இருக்க, அது சுட்டும் பொருளோடு அச்சாகப் பொருந்த வேண்டுமா? குறைந்தது, அதைக் கையில் வைத்திருக்கிறவருக்காவது அது இன்னது என்று தெரிந்திருக்க வேண்டுமா? ஐரிஷ் மொழியின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. ஷாம்ராக் என்பது சீம்ரோக் என்ற ஐரிஷ் சொல்லின் ஆங்கில வடிவம். சீமர் என்றால் க்ளோவர், பின்னால் வரும் விகுதி சிறுமையையும் இளமையையும் குறிக்கும். இளங்க்ளோவர், அவ்வளவுதான். பிஞ்சு, தளிர் என்று நாம் சொல்வதுபோல அது ஒரு பருவத்தின் பெயர். எந்த இனம் என்று அது சொல்வதில்லை. மார்ச்சில் தரையோடு தரையாகக் கிடக்கும் எல்லா இளங்க்ளோவரும் அந்தப் பெயருக்கு உரியவை. பூத்த பிறகு எதற்கும் அந்தப் பெயர் முழுதாகப் பொருந்தாது. கோல்கனுக்குச் செடி அனுப்பிய ஒவ்வொருவரும் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இன்று அமெரிக்கக் கடைகளில் மார்ச் மாதம் ஷாம்ராக் என்ற சீட்டோடு வரும் தொட்டிச் செடி இவற்றில் எதுவும் அல்ல. அது பிரேசிலையும் அதன் அண்டை நாடுகளையும் சேர்ந்த ஆக்சாலிஸ் டிரையாங்குலாரிஸ். ஒரு வகை பச்சை இலையும் வெள்ளைப் பூவும் கொண்டது. இன்னொன்று கத்தரிப்பூ நிறத்தில் அடர்ந்த முக்கோணச் சிற்றிலைகளோடு, வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து அமர்ந்ததுபோல் நிற்பது. க்ளோவர் அவரை, பயறு குடும்பம். ஆக்சாலிஸ் புளியாரைக் குடும்பம். நம் ஊரில் சுவரோரத்திலும் தொட்டி மண்ணிலும் தானாக முளைத்து, பிள்ளைகள் பறித்து மென்று முகம் சுளிக்கும் புளியாரைக்கு இது நெருங்கிய உறவு. இரண்டையும் ஒன்றுபோல் காட்டுவது அந்த மூன்று சிற்றிலைதான்.

உறவில்லாத செடி புனிதரின் செடியின் பெயரைத் தாங்கி நிற்பதைக் கண்டு கோபப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்தக் குழப்பம் கடைக்காரர்கள் செய்தது அல்ல. 16ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள், பஞ்சத்தில் அங்குள்ளவர்கள் ஷாம்ராக்கைத் தின்றதாகக் குறித்திருக்கிறார்கள். புளிப்பான செடியைத்தானே பச்சையாக மெல்லத் தோன்றும் என்று வாதாடி, அசல் ஷாம்ராக் ஆக்சாலிஸ் அசெட்டோசெல்லா என்ற காட்டுப் புளியாரையே என்று 1830களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் எபனேசர் பிச்சினோ என்பவர் எழுதினார். அந்தக் காட்டுப் புளியாரைக்கு ஐரோப்பிய மூலிகை நூல்களில் அல்லேலூயா என்று ஒரு பெயர் உண்டு. தவக்காலம் முழுதும் வழிபாட்டில் ஒலிக்காத அல்லேலூயா, உயிர்ப்புப் பெருவிழாவில் மீண்டும் ஒலிக்கும் வாரங்களில் அது பூக்கிறது என்பதால் வந்த பெயர். பேட்ரிக்கின் கதை வந்து ஒட்டாமலே அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழிபாட்டுப் பெயர் இருந்திருக்கிறது.

பேட்ரிக்கின் கதை எல்லோரும் அறிந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அயர்லாந்துக்கு நற்செய்தி சொல்ல வந்தவர், தந்தை மகன் தூய ஆவி மூவரும் எப்படி ஒரே கடவுளாக இருக்க முடியும் என்று கேட்ட மக்களிடம் குனிந்து ஓர் இலையைப் பறித்துக் காட்டினாராம். சிற்றிலை மூன்று, இலை ஒன்று. தமிழ்க் கிறிஸ்தவர்கள் மூவொரு இறைவன் என்றும் திரியேகக் கடவுள் என்றும் ஒரே சொல்லுக்குள் அடக்க முயன்றதை அவர் ஒரு காம்பில் அடக்கிவிட்டார்.

பேட்ரிக் தம் கையால் எழுதியவை என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்ளும் எழுத்து இரண்டுதான்: தம் வாழ்வைச் சொல்லும் அறிக்கை ஒன்று, கொரோட்டிக்கஸ் என்ற தலைவனின் படைவீரர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று. இரண்டிலும் இந்த இலை இல்லை. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவரைப் பற்றி எழுதிய முயர்ஹூவிடமும் தீரகானிடமும் இல்லை. 1670களில் வெளியானதாகக் கருதப்படும் செப்புக் காசுகளில்தான் மூவிலையைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டும் புனிதரின் உருவம் தெரிகிறது. எழுத்தில் கதை முதன்முதலாக வருவது 1726இல், கேலப் திரெல்கெல்டு என்ற மருத்துவர் எழுதிய அயர்லாந்துத் தாவர நூலில். அவர் கிறிஸ்தவப் போதகரும்கூட. வெள்ளைக் க்ளோவரைப் பற்றிய குறிப்பில், மக்களிடையே வழங்கும் மரபு என்று சொல்லி இதைப் பதிகிறார். பேட்ரிக்குக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி.

கதை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பேட்ரிக்கின் அறிக்கையைப் படிக்கிறவருக்கு வேறொன்று கண்ணில் படும். 16 வயதில் கடத்தப்பட்டு அடிமையாக அயர்லாந்துக்கு வந்தவர் அவர். ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்தார். விடியும் முன்பே எழுந்து, பனியிலும் மழையிலும், காட்டிலும் மலையிலும், ஒரு நாளைக்கு நூறு முறை செபித்ததாகவும் இரவிலும் ஏறக்குறைய அத்தனை முறை செபித்ததாகவும் அவரே சொல்கிறார். ஆடு மேய்க்கிறவனுக்குத் தரையில் எது முளைக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் அந்த இலையைப் பிரசங்கத்தில் காட்டினாரோ இல்லையோ, அதன்மேல் முழங்கால் இட்டிருப்பார்.

இனி கதையின் உள்ளே இருக்கும் சிக்கல். அந்த உவமையை இறையியல் தெரிந்த ஒருவரிடம் சொல்லிப் பார்த்தால் அவர் உடனே கேட்பார்: ஒரு சிற்றிலை, இலையின் மூன்றில் ஒரு பங்குதானே? தந்தை கடவுளின் மூன்றில் ஒரு பங்கு அல்லவே. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சங்கங்களின் வழியே திருச்சபை வந்துசேர்ந்த நம்பிக்கை, மூவரில் ஒவ்வொருவரும் முழுக் கடவுள், ஆனாலும் கடவுள் ஒருவரே என்பது. இலையைக் கிழித்து ஒரு சிற்றிலையைத் தனியே எடுத்தால் கையில் இருப்பது இலையின் துண்டு. தாவரவியலும் இறையியலாருக்கே துணை நிற்கிறது. ஷாம்ராக்கில் இருப்பது மூன்று இலை அல்ல, ஒரே கூட்டிலை. காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலைகளின் அடியில் இருக்காது. எது முழு இலை, எது அதன் பகுதி என்று செடியே அடையாளம் வைத்திருக்கிறது.

எண்ணும் நிலையானது இல்லை. வெள்ளைக் க்ளோவரில் பல ஆயிரத்துக்கு ஒன்றாவது நாலு சிற்றிலையோடு வரும், ஐந்தும் வரும். ஜப்பானில் 2009இல் ஒரே காம்பில் 56 சிற்றிலை கொண்ட ஒன்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. எண்ணை மட்டும் நம்பி ஒரு மறைபொருளை நிறுவப் போகிறவருக்கு அந்த 56 என்ன சொல்லும்?

இந்தக் குறை பேட்ரிக்கின் காலத்துக்கு முன்பே கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இந்த விஷயத்தில் நெஞ்சைத் தொடும் பகுதி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் செடியைத்தான் உதாரணம் காட்டினார்: வேர், தண்டு, கனி. பிறகு ஊற்று, ஆறு, வாய்க்கால். சூரியன், கதிர், கதிரின் முனை. 380ஆம் ஆண்டு வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில், உயிர்ப்பு என்று பொருள்படும் அனஸ்தாசியா என்ற சிறு கோயிலில் நசியான்சுஸ் கிரகோரியார் ஐந்து உரைகள் ஆற்றினார். ஐந்தாவது உரையின் முடிவில் அவர் இப்படிப்பட்ட உவமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். ஊற்றும் ஆறும் என்று எண்ணிப் பார்த்தேன், ஓடுவது ஒரே இடத்தில் நிற்பதில்லையே என்று அஞ்சினேன் என்கிற பாங்கில் பேசுகிறார். சூரியனும் ஒளியும் என்றால், ஒளிக்குத் தனி இருப்பு இல்லாமல் போகிறதே என்கிறார். கடைசியில் எல்லா உருவகங்களையும் விட்டுவிடுகிறார். விட்டவர் நாத்திகராகவில்லை. திரித்துவம் என்ற கோட்பாட்டை நிலைநிறுத்தியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் அவர்.

அகஸ்டின் பதினைந்து நூல்களாக எழுதிய திரித்துவ ஆய்வில், இலையையும் ஆற்றையும் விட்டு மனத்துக்குள்ளேயே போனார்: நினைவு, அறிவு, விருப்பம். மூன்றும் ஒரே மனம். பதினைந்தாம் நூலுக்கு வந்தபோது இதுவும் போதவில்லை என்று தாமே எழுதி வைத்தார். 1215இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கம் இதை ஒரு விதியாகவே வகுத்தது. படைத்தவருக்கும் படைப்புக்கும் இடையே எந்த ஒப்புமையைச் சொன்னாலும், அதைவிடப் பெரிய வேற்றுமை இருப்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் கார்ல் பார்த் இன்னும் கடுமையாகப் போனார். 1932இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் முதல் பகுதியில், இயற்கையில் திரித்துவத்தின் தடம் தேடுவதே ஆபத்து என்றார். இறைவெளிப்பாடு என்ற ஒரே வேருக்கு அருகில் இரண்டாவது வேர் ஒன்றை நட்டுவிடுகிறோமோ என்பது அவருடைய அச்சம்.

பார்த்தின் அச்சம் நியாயமானது. ஆனாலும் பேட்ரிக் பெயரால் வழங்கும் கதையை அது முழுதாகத் தொடவில்லை. ஓர் உவமை எந்த இடத்தில் ஒடிகிறதோ அந்த இடத்தில்தான் கேட்கிறவர் சிந்திக்கத் தொடங்குகிறார். சிற்றிலை மூன்றில் ஒரு பங்கு அல்லவா என்று கேட்டவர், மூன்றில் ஒரு பங்காக இல்லாத ஒன்றை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இலை அவருக்குக் கோட்பாட்டை விளக்கவில்லை. விளங்காத இடம் எது என்று விரல் வைத்துக் காட்டியது. அதற்கு அபூர்வமான பூ எதுவும் வேண்டாம். காலடியில் கிடக்கிற, கேட்டவர் பறித்துப் பார்த்து எறிந்துவிடக்கூடிய ஒன்றே நல்லது. எறிய முடியாத அளவுக்கு விலை உயர்ந்த உவமைதான் விக்கிரகமாகிவிடும்.

இதைப் படிக்கும் தமிழருக்கு வில்வம் நினைவுக்கு வராமல் இருக்காது. அதுவும் மூன்று சிற்றிலை கொண்ட கூட்டிலை. சிவனின் முக்கண் என்பார்கள், சூலத்தின் மூன்று முனை என்பார்கள், முக்குணம் என்பார்கள். விளக்கம் ஒன்றுக்கு மேல் இருந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. காரணம், வில்வம் அங்கே வாதம் செய்ய வரவில்லை. சிவராத்திரிக் கதையில் மரத்தின்மேல் இரவு முழுதும் விழித்திருந்த வேடன், என்ன செய்கிறோம் என்றே அறியாமல் இலைகளைக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். கீழே இலிங்கம் இருந்தது. அவனிடம் யாரும் கோட்பாடு கேட்கவில்லை. மூன்று சிற்றிலையும் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பறித்து, இட்டுவிட்டு, கையை எடுத்துக்கொள்வது வில்வ அர்ச்சனை. அயர்லாந்துக் கதையில் இலை சான்றாக நீட்டப்படுகிறது. இங்கே காணிக்கையாக இடப்படுகிறது. சான்றை மறுக்கலாம், காணிக்கையை மறுக்க வழியில்லை. பேட்ரிக்கின் இலை நெஞ்சில் குத்திக்கொள்ளும் அணியாக மாறியபோது, அதுவும் வாதத்தை விட்டுக் காணிக்கையின் பக்கம் வந்துவிட்டது என்று தோன்றுகிறது.

கடையில் ஷாம்ராக் என்று வாங்கித் தொட்டியில் வளர்ப்பவருக்கு அந்தச் செடி இன்னொரு கேள்வியையும் வைக்கிறது. அதற்கு முன் வளர்க்கும் வகை.

ஆக்சாலிஸ் டிரையாங்குலாரிஸ் விதையிலிருந்து வருவதைவிடக் கிழங்கிலிருந்து வருவதே வழக்கம். செதில் செதிலாக, சின்னப் பைன் காய்போல் இருக்கும் கிழங்கு. ஒரு சாண் அகலத் தொட்டிக்கு நாலைந்து போதும். மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்க வைத்தாலே போதும், எது தலை எது கால் என்று பார்க்க வேண்டியதில்லை. தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். தென்னைநார்க் கழிவும் மணலும் கலந்த இளகிய மண் இதற்குப் பிடிக்கும். வெளிச்சம் நிறைய வேண்டும், உச்சிவெயில் நேராக விழக் கூடாது. 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகமான சூடு. மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட வேண்டும். வளரும் காலத்தில் மாதம் ஒரு முறை உரத்தைப் பாதி அளவாகக் கரைத்து விடலாம். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொட்டுகள் தெரிந்தால் துருநோய். அந்த இலைகளை உடனே கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும். இலையில் ஆக்சலேட் உப்பு உண்டு என்பதால் நாய், பூனை உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

இவ்வளவும் செய்து வரும்போது, ஒரு நாள் செடி படுத்துவிடும். இலை மஞ்சளாகும், காம்பு துவளும், இரண்டொரு வாரத்தில் தொட்டியில் மண் மட்டும் இருக்கும். சூடு 27 டிகிரியைத் தாண்டினாலும் இப்படி ஆகலாம், எதுவும் மாறாமலும் ஆகலாம். மார்ச்சில் ஆசையாக வாங்கியவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் தொட்டியைக் குப்பையில் கவிழ்த்துவிடுகிறார்கள். கிழங்கோ ஓய்வெடுக்கிறது. தண்ணீரை நிறுத்தி, குளிர்ந்த இருட்டு மூலையில் வைத்துவிட்டால், சில வாரங்களிலோ மூன்று மாதத்துக்குள்ளோ மண்ணைக் கீறிக்கொண்டு மடிந்த கைபோல் ஒரு தளிர் வரும். அப்போது மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தண்ணீர் விட்டால், பழைய தொட்டி நிறைந்துவிடும்.

உயிர்ப்பு என்ற சொல் இங்கே நாவின் நுனிக்கு வந்து நிற்கும். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் பலன் தரும் என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்கிறார். விதைக்கப்படுவது ஒன்று, எழுவது வேறொன்று என்ற பவுலின் வாதமும் விதையை வைத்தே நடக்கிறது. ஆனால் கிரகோரியார் இந்தத் தொட்டிக்கு அருகில் நின்றிருந்தால் கேட்டிருப்பார்: கிழங்கு செத்ததா? சாகவில்லை. மண்ணுக்கடியில் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தது. சாகாத ஒன்று எழுவதை வைத்துச் செத்தவர் எழுவதை எப்படிச் சொல்வது? இலை திரித்துவத்தில் ஒடிந்த அதே மாதிரி கிழங்கு உயிர்ப்பில் ஒடிகிறது. ஆனால் அது வேறொன்றுக்கு முழுதாகப் பொருந்துகிறது: வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவருக்கு. உள்ளே உயிர் இருக்கிறதா அழுகிவிட்டதா என்று மேலிருந்து தெரியாது. தோண்டிப் பார்க்கலாம்; அடிக்கடி தோண்டினால் அதுவே கெடுத்துவிடும். தண்ணீரைக் கொட்டிச் சீக்கிரம் எழுப்பப் பார்த்தால் நிச்சயம் அழுகும். எதுவும் செய்யாமல், ஆனால் தூக்கியும் எறியாமல் இருப்பது ஒன்றே வழி. செபம் வறண்டுபோன காலங்களைப் பற்றிப் பேசும் துறவியர் பலர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

தொட்டியை விட்டுத் தோட்டப் பாத்திக்கு வந்தால் கதை மாறுகிறது. பனி கடுமையாக உறையாத ஊர்களில் ஆக்சாலிஸ் பாத்தியிலேயே ஆண்டு முழுதும் இருக்கும். உறையும் ஊர்களில் குளிருக்கு முன் கிழங்கைத் தோண்டி எடுத்து வைக்க வேண்டும். வெள்ளைக் க்ளோவர் ஓடுதண்டு விட்டுத் தரையை மூடிக்கொண்டே போகும். வேர் முடிச்சுகளில் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். அயர்லாந்தின் மஞ்சள் க்ளோவர் ஒரு பருவச் செடி. விதைத்து, பூத்து, காய்த்து முடிந்துவிடும். பாத்தியில் அஞ்ச வேண்டியது ஆக்சாலிஸின் சில உறவினரை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆக்சாலிஸ் பெஸ்-காப்ரே, மஞ்சள் பூவோடு அழகாகத்தான் இருக்கும். மண்ணுக்கடியில் சிறு சிறு குமிழ்க் கிழங்குகளை உதிர்த்தே மத்தியதரைக் கடலோரங்களைப் பிடித்துக்கொண்டது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஊதாப் பூ பூக்கும் ஆக்சாலிஸ் லாட்டிஃபோலியாவைத் தெரியும். பிடுங்கினால் இலை கையோடு வரும், குமிழ் மண்ணில் தங்கிவிடும். பிடுங்கப் பிடுங்கப் பெருகும் களை அது.

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் களைகளின் உவமையைப் பாத்தியில் குனிந்து நிற்கும்போது படித்தால் வேறு மாதிரி கேட்கும். கோதுமை வயலில் பகைவன் களை விதைத்துவிட்டான். வேலைக்காரர்கள் பிடுங்கட்டுமா என்கிறார்கள். வேண்டாம், களையோடு கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள், அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்கிறார் முதலாளி. அந்தக் களை டார்னெல் என்ற புல் என்பது பொதுவான கருத்து. கதிர் விடும்வரை அதற்கும் கோதுமைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். மார்ச் மாத ஷாம்ராக்கின் நிலையும் இதேதான். கோல்கன் செய்ததும் அந்த முதலாளி செய்ததுதான். முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லவில்லை.

நாலு சிற்றிலை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், அதுவும் சமயத்தின் ஓரத்தில் நிற்பது என்பதால். நாலிலைக் க்ளோவர் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை அது அபூர்வம் என்பதிலேயே நிற்கிறது. மெக்சிகோவைச் சேர்ந்த ஆக்சாலிஸ் டெட்ராஃபில்லாவுக்கு எப்போதும் நாலு சிற்றிலைதான். ஜெர்மனியில் புத்தாண்டு சமயத்தில் அதைச் சிறு தொட்டிகளில் வைத்து விற்பார்கள். கிளுக்ஸ்க்ளே, அதிர்ஷ்டக் க்ளோவர் என்று பெயர். எல்லா இலையிலும் நாலு இருந்தால் தேடிக் கண்டெடுக்க எதுவும் இல்லை. ஆனாலும் அதை வாங்கி அண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் தம் அதிர்ஷ்டத்தைத் தேடவில்லை, மற்றவருக்கு நல்லது வேண்டுகிறார். அந்த நாலிலை அப்போது வாழ்த்தாகிவிடுகிறது. அதற்குப் பழைய நம்பிக்கையைவிட ஆழம் அதிகம்.

பொழுது சாய்ந்ததும் இந்தச் செடிகளைப் பார்க்க வேண்டும். க்ளோவரில் பக்கச் சிற்றிலை இரண்டும் திரும்பி ஒன்றோடொன்று முகம் சேர்கின்றன. நடுச்சிற்றிலை எழுந்து இரண்டின் மேலும் கூரைபோல் கவிகிறது. ஆக்சாலிஸில் மூன்றும் கீழ்நோக்கி மடிந்து குடைபோல் இறங்குகின்றன. தூங்குமூஞ்சி மரத்திலும் புளியமரத்திலும் நாம் மாலைதோறும் பார்ப்பது இதே வேலைதான்: சிற்றிலையின் அடியிலுள்ள சிறு மூட்டின் செல்களிலிருந்து நீர் இடம் மாறுகிறது, இலை மடிகிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1755இல் இதற்குச் செடிகளின் உறக்கம் என்று பெயர் வைத்தார். சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து 1880இல் எழுதிய நூலில், ஆக்சாலிஸ் இலைகளை மடியவிடாமல் ஊசி குத்திக் குளிர் இரவில் வெளியே வைத்த சோதனையைச் சொல்கிறார். விரிந்தே இருக்கும்படி பிடித்துவைத்த இலைகளே குளிரில் அதிகம் பாதிக்கப்பட்டன.

கூப்பிய கையைப் போல் இருக்கிறது என்று அதைப் பார்த்தவர் சொன்னால், செடி செபிக்கவில்லை என்று அவரைத் திருத்த வேண்டியதில்லை. அவருக்கே தெரியும். டார்வினின் ஊசிக்குப் பிறகும் அந்த மாலை நேரம் தன் அழகை இழக்கவில்லை. கூப்பிய கை தெரிந்ததால் அவரும் ஒரு கணம் கை கூப்பினார் என்றால், உவமை தன் வேலையை முடித்துவிட்டது.

வீட்டில் இருக்கும் தொட்டியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பவர் கோல்கனின் முறையைப் பின்பற்றலாம். மார்ச் 17 முடிந்ததும் செடியை எறியாமல், நல்ல வெளிச்சமுள்ள சன்னலில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கோடைவரை காத்திருந்தால் போதும். மிளகளவு தலையில் மஞ்சள் பூக்கள் திரண்டு, வாடிய பிறகும் உதிராமல் பழுப்பு நிறத்தில் தொங்கினால், அது அயர்லாந்தில் பாதிப் பேர் அனுப்பிய டூபியம். வெள்ளைப் பந்துபோல் திரண்டு பூத்து, தேனீ வந்தால், வெள்ளைக் க்ளோவர். மெல்லிய தனிக்காம்பின் உச்சியில், ஐந்து இதழோடு, வெள்ளையாகவோ வெளிர் ரோஜா நிறத்திலோ சில பூக்கள் கொத்தாக நின்று, பொழுது இறங்கியதும் தாமும் மூடிக்கொண்டால், அது பிரேசிலிலிருந்து வந்தது. பூத்துவிட்டால் அது எதுவானாலும் இனி சீம்ரோக் இல்லை. அடுத்த மார்ச்சில், புதிதாக இலை விடும்போது, மறுபடி ஆகும்.